நடைக்கு முன் நாற்காலி: முதுமையில் தெம்பாகவும் கலகலப்பாகவும் இருக்க முழுமையான வழிகாட்டி

அறுபதைத் தாண்டியவர்களுக்கு யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் முதல் ஆலோசனை "தினமும் நடங்க" என்பதுதான். நல்ல ஆலோசனைதான், ஆனால் அது ஏழாவது படியில் வர வேண்டியது. அதையே முதல் படியாக எடுத்து, பத்து நாளில் மூட்டு வீங்கி உட்கார்ந்துவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு வருடம் அவரை வாசலைத் தாண்ட வைக்க முடியவில்லை.

பிறகு அம்மாவோடு வேறு வரிசையில் தொடங்கினேன். தெரிந்த பெரியவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அருகில் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. வயதானவர்களுக்கு உழைப்பில் குறைவில்லை, வரிசைதான் மாறிப்போகிறது. தொடையில் வலு வருவதற்கு முன்பே நடக்கிறார்கள், காது கேட்பதற்கு வழி செய்யாமலே கூட்டத்துக்குப் போய் வாடித் திரும்புகிறார்கள்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முழுவதும் பழக்கமாக ஏறத்தாழ 3 மாதம் ஆகும்.

1. முதல் வாரம்: உடற்பயிற்சி வேண்டாம், மாத்திரைப் பையை எடுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போடுங்கள். சீட்டு இல்லாமல் வாங்கிய சளி மாத்திரை, சத்து மாத்திரை, யாரோ கொடுத்த வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பையோடு டாக்டரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இவற்றில் தலைசுற்றலோ தூக்கக் கலக்கமோ தருவது எது? இப்போது தேவைப்படாதது எது?

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏறச் சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அளவு எழுபதில் அதிகமாகிவிடலாம். தூக்க மாத்திரைகளும், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும். இந்தத் தடுமாற்றத்தை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிட்டுப் பயிற்சி தொடங்கினால் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதே சமயம் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

ரத்த அழுத்தத்தை நின்றும் பாருங்கள். 5 நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் இன்னொரு முறை. நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவுடன் விழும் பலருக்கு இதுதான் காரணம்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைட் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் ஒரு விஷயத்தைத் தனியாகக் கேட்டு வையுங்கள். பயிற்சி கூடும்போது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். எந்த அளவுக்குக் கீழே இருந்தால் பயிற்சியைத் தொடங்கக் கூடாது, கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நெஞ்சு வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது, அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டர் சம்மதம் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கடைசியாகக் கண்ணும் காலும். கிட்டத்தில் படிப்பதற்கும் தூரத்தில் பார்ப்பதற்கும் ஒரே கண்ணாடி போட்டிருந்தால், குனிந்து தரையைப் பார்க்கும்போது கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பீர்கள். படிக்கட்டின் விளிம்பு மங்கலாகத் தெரியும். வெளியே நடப்பதற்கென்று தூரத்தில் பார்ப்பதற்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கண்புரை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். பாதம் மரத்துப்போயிருந்தால் ரத்தச் சர்க்கரையோடு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு.

2. வீட்டைச் சரிசெய்வது: ஒரு மதியம் போதும்

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் நடக்கும் பாதையை முதலில் பாருங்கள். அங்கே சிறு விளக்கு ஒன்று விடிய விடிய எரியட்டும். நழுவும் மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், வாசற்படி ஓரத்தில் கழற்றிப் போட்ட செருப்பு எல்லாவற்றையும் அகற்றுங்கள்.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. நழுவும்போது கை அதைத்தான் தேடிப் பிடிக்கும் என்பதால், அதற்குப் பக்கத்திலேயே சுவரில் ஆழமாகப் பதித்த கம்பி இருக்க வேண்டும்.

3. இன்றைய நிலையை அளந்து எழுதிவையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முன்னேற்றம் மெதுவாக வருவதால், எழுதி வைக்காவிட்டால் அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுவீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று அளவுகளை எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

முதல் அளவு நாற்காலி. கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் உயரம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் இருக்கட்டும். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11 என்பதற்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74இல் 12, 10. 75 முதல் 79இல் 11, 10. 80 முதல் 84இல் 10, 9. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என் அம்மா பூஜ்யத்தில்தான் தொடங்கினார்.

இரண்டாவது: நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது? 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது: ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல்களைத் தொடும்படி, ஒரே கோட்டில் பாதங்களை வைத்து நில்லுங்கள். 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் ஐந்தாம் படியில் கூடுதல் நாட்கள் செலவிட வேண்டும்.

எடையை எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. எடை குறைவதை வெற்றி என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், தசையும் சேர்ந்து கரைகிறது. முயற்சி இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

4. இரண்டாம் வாரம் முதல்: நாற்காலி

முப்பது வயதுக்கு மேல் தசை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. வலு அதைவிட வேகமாகப் போகிறது. கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது, வண்டியிலிருந்து இறங்குவது, படியேறுவது எல்லாமே தொடையை நம்பித்தான் நடக்கின்றன. தொடை தாங்காதபோது அந்தப் பாரம் மூட்டின் மேல் விழுகிறது. வலுவில்லாத காலோடு நடக்கத் தொடங்கியவருக்கு முட்டி வீங்குவது இதனால்தான்.

"இந்த வயசுல தசை வருமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 90 வயதான, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 10 பேர் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அதை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

செய்முறை இது. நாற்காலியின் முன்பக்கத்துக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை முட்டிக்கு நேர் கீழே, அல்லது சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால் விரலுக்கு மேலே வரும் அளவுக்கு உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். நேராக நின்ற பிறகு, மனதுக்குள் 4 எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள்.

பலர் எழவே முடியாமல் திணறுவது வலு இல்லாததால் மட்டும் இல்லை. பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, முதுகை நேராக நிமிர்த்தியபடியே எழப் பார்க்கிறார்கள். அப்போது உடலின் எடை முழுவதும் பின்னால் கிடக்கிறது. பாதத்தை இழுத்து, உடம்பைச் சாய்த்தால் அதே கால் அதே நிமிடத்தில் எழுப்பிவிடும். அம்மாவின் முதல் எழுச்சி இப்படித்தான் வந்தது.

இன்னும் முடியவில்லை என்றால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள், அல்லது கைப்பிடி உள்ள நாற்காலியில் கையை ஊன்றுங்கள். வாரம் செல்லச் செல்ல உயரத்தையும் ஊன்றுதலையும் குறைக்கலாம்.

ஒரு சுற்றுக்கு 5 முறை, 2 சுற்று, நடுவில் 2 நிமிட ஓய்வு. வாரத்தில் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான் என்பதால் தினமும் செய்ய வேண்டாம். 2 சுற்றிலும் 10 முறை எளிதாக வந்துவிட்டால் மூன்றாவது சுற்றைச் சேருங்கள். அதுவும் எளிதானால் நெஞ்சோடு ஒரு தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், அது முக்கியம். கஷ்டமே இல்லாமல் மாதக்கணக்கில் அதே 10 முறை செய்பவர்களுக்கு வலு அங்கேயே நின்றுவிடுகிறது.

கூடவே இரண்டு பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், 10 முறை. சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து தள்ளி நிமிருங்கள், 10 முறை. கெண்டைக்கால் நடையை முன்னே தள்ளும், கை வலு விழும்போது தாங்கும்.

அடிக்கடி பார்க்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். தொப்பென்று உட்காருவது முதல் தவறு. உட்காரும் அசைவில்தான் தசை எடையைத் தாங்கப் பழகுகிறது, தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி வீண். இரண்டாவது, எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்வது. கண்ணாடி முன் உட்கார்ந்து செய்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, மூச்சை அடக்குவது. மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் எகிறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூச்சு தானாக வெளியே வரும்.

வலிக்கு ஒரு கணக்கு. பத்துக்கு மூன்று என்று சொல்லும் அளவு வலி, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். தொடை இரண்டு நாள் கடுத்தால் அது புதிய வேலையின் அடையாளம். மூட்டு வீங்கினால், சுட்டால், கூரிய வலி குத்தினால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

5. நான்காம் வாரம்: சமநிலை

நாற்காலியில் 8 முறையாவது கை ஊன்றாமல் எழ முடிந்த பிறகு இதற்கு வாருங்கள். சமநிலை தவறும் நொடியில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது தொடையும் கணுக்காலும்தான். அவற்றில் வலு இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது ஆபத்து.

சமையல் மேடையும் அதற்கு எதிரே ஒரு நாற்காலியும் இருக்கும்படி, இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கைக்கு ஒன்று கிடைக்கும். முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 விநாடி. அப்புறம் ஒரு பாதம் அரை அடி முன்னே. அதற்கப்புறம் ஒரே கோட்டில். கடைசியாக ஒற்றைக் கால். இரு கையால் பிடித்துத் தொடங்கி, ஒரு கை, ஒரு விரல், பிறகு கையை மேடைக்கு மேலே அந்தரத்தில் வைத்திருப்பது என்று பிடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நிற்பது வந்துவிட்டால் அசைவைச் சேருங்கள். மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது, குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நடப்பது, நின்றபடி தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புவது. பெரும்பாலும் நேராக நிற்கும்போது யாரும் விழுவதில்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பும்போதுதான் விழுகிறார்கள். அதனால் திரும்புவதைப் பழகாமல் விடாதீர்கள்.

கண்ணை மூடிச் செய்யும் சோதனைகளை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரம் 3 நாளாவது வேண்டும் என்கிறது. ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய் சி வகுப்பு கிடைத்தால் சேரலாம். விழுவதைக் குறைக்கிறது என்று நன்றாக நிறுவப்பட்ட பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

6. விழுந்தால் எழுவதைப் பழகுங்கள்

எந்த உடற்பயிற்சிப் பட்டியலிலும் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை. எனக்கு இது மிகவும் முக்கியம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுவோமோ என்ற பயத்தில் வெளியே போவதைக் குறைக்கிறார். நடமாட்டம் குறைவதால் வலு போகிறது, வலு போனதால் உண்மையாகவே மறுபடி விழுகிறார். "விழுந்தாலும் எழுந்துவிடுவேன்" என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பயம் பாதியாகிவிடும்.

கனமான விரிப்பு போட்டு, அருகே உறுதியான நாற்காலி வைத்து, ஒருவர் துணையோடு செய்யுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து ஒரு பக்கமாகப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு கையை ஊன்றி எழுந்து, கைகளும் முட்டிகளும் தரையில் இருக்கும் நிலைக்கு வாருங்கள். தவழ்ந்து நாற்காலியை அடையுங்கள். இரு கைகளையும் இருக்கையில் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னே தரையில் ஊன்றுங்கள். கையும் காலும் சேர்ந்து தள்ள, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூச்சு நிதானியுங்கள்.

உண்மையாகவே விழுந்துவிட்டால் முதல் வேலை எழுவது அல்ல. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பை அசைக்க முடியாவிட்டால் எழ முயலாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராகவும் இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செல்பேசி சட்டைப்பையிலோ கழுத்திலோ இருக்கட்டும். மேசை மேல் இருக்கும் செல்பேசி தரையில் கிடப்பவருக்கு உதவாது.

இதற்காகப் பழகுபவரைத் தூக்கிவிட அவசரப்படுவது குடும்பத்தார் செய்யும் தவறு. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் அவர் தோளுக்கும் கெடுதல், உங்கள் முதுகுக்கும் கெடுதல். நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள், அடுத்த அசைவை வாயால் சொல்லுங்கள், போதும்.

7. ஐந்தாம் வாரம்: இப்போது நடக்கலாம்

குதிகாலைப் பிடிக்கும், வழுக்காத காலணி போதும். மெத்துமெத்தென்ற தடித்த அடிப்பகுதி வேண்டாம். பாதத்துக்குத் தரை தெரியாமல் போவதால் தடுமாற்றம் கூடும்.

முதல் வாரம் ஒரு தடவைக்கு 8 முதல் 10 நிமிடம். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். இலக்கு வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் பிரிக்கலாம். காலையில் 10, மாலையில் 10 நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

வேகத்துக்கு நாடித்துடிப்பைப் பார்க்காதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பைக் கட்டிப் போட்டுவிடும், எண் ஏமாற்றும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடைக்குக் கிளம்பாதீர்கள். ரத்தம் குடல் பக்கம் போவதால் முதியவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

நடை தொடங்கியதும் நாற்காலியை விட்டுவிடுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. நடை இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, ஆனால் தொடை வலுவை அதனால் காப்பாற்ற முடியாது. வாரம் குறைந்தது 2 நாளாவது நாற்காலி தொடர வேண்டும்.

8. சாப்பாடும் தண்ணீரும்

பயிற்சி தொடங்கிய பிறகும் தெம்பு வராதவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் தட்டில் புரதம் இருக்காது. பல் வலியாலோ பசியின்மையாலோ மென்மையான மாவுச்சத்தோடு சாப்பாட்டை முடித்திருப்பார்கள். 65க்கு மேல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.

மொத்தத்தையும் ஒரே வேளையில் எடுக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். வயதான தசை சிறிய அளவுப் புரதத்துக்குச் சரியாக அசைந்து கொடுப்பதில்லை, வேளைக்கு 20 முதல் 25 கிராமாவது வேண்டும். காலைச் சாப்பாட்டில்தான் பெரும்பாலும் ஓட்டை. பருப்பு, பால், தயிர், முட்டை, மீன், உங்களுக்கு ஒத்துவருவது எதுவோ அதைக் காலையிலும் சேருங்கள். மெல்ல முடியவில்லை என்றால் முதலில் பல் டாக்டர்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதானால் தாக உணர்ச்சியே மங்கிவிடும். எழுந்ததும் ஒன்று, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒன்று, பயிற்சிக்குப் பின் ஒன்று என்று டம்ளர்க் கணக்கு வைத்துக்கொண்டு, மாலைக்குள் முடித்துவிடுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மீற வேண்டாம்.

9. தூக்கம்

இரவு எட்டு மணிக்குப் படுத்து, மூன்று மணிக்கு விழித்து, "தூக்கமே இல்லை" என்று வருந்துபவர்கள் அதிகம். எட்டிலிருந்து மூன்று வரை ஏழு மணி நேரம், அது போதுமான தூக்கம்தான். படுக்கும் நேரத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும். எழும் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்து, உண்மையாகவே கண் சொக்கும்போது மட்டும் படுக்கப் போங்கள்.

பகல் தூக்கம் 30 நிமிடத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன். காலை வெளிச்சத்தில் நடந்தால் உடம்பின் கடிகாரம் சரியாகும்.

10. காது, ஆட்கள், மனது

மனதைப் பற்றிச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. "கலகலப்பா இருங்க, நாலு பேரோட பழகுங்க" என்று சொல்வது எளிது. எழுந்து வெளியே போக முடியாதவருக்கு அது வெறும் வார்த்தை. கால் தயாரான பிறகு அடுத்த தடை காது.

காது மந்தமானவர் கூட்டத்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் புன்னகைத்து உட்கார்ந்திருப்பார். நாலைந்து முறை அப்படி ஆனதும் வருவதை நிறுத்திவிடுவார். வீட்டார் அவரை முசுடு என்பார்கள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு கேட்கிறது ஆனால் வார்த்தை புரியவில்லை என்றாலோ பரிசோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேட்கும் திறன் குறைவதும் சமூகத்திலிருந்து ஒதுங்குவதும், மறதி நோய்க்கான காரணிகளில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14இல் இடம்பெற்றிருக்கின்றன.

காதுக்கருவி வாங்கி அலமாரியில் வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. முதல் நாளே சந்தடியான இடத்தில் போட்டால் எல்லாச் சத்தமும் ஒன்றாக மோதி வெறுத்துவிடும். முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும்போது, தினம் ஒரு மணி நேரம் போடுங்கள். அப்புறம் நேரத்தையும் ஆட்களையும் கூட்டுங்கள். மூளை பழக வாரங்கள் ஆகும். அளவு சரிசெய்ய இரண்டு மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டியிருக்கும்.

அப்புறம் ஆட்கள். "யாராவது வந்தால் பேசலாம்" என்று காத்திருந்தால் நடக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், உங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கும்படி ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, பார்வை குறைந்த ஒருவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவது. பெறுவதைவிடக் கொடுப்பதுதான் ஆளை எழுப்புகிறது. பயிற்சிக்கு வர மாட்டேன் என்றிருந்த ஒரு பெரியவரிடம் மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொல்லும் வேலையைக் கொடுத்தோம். அதன் பிறகு அவர் ஒருநாளும் தவறவில்லை.

இரண்டு கேள்விகளை மாதம் ஒருமுறை உங்களையே கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தேனா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தேனா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பு இல்லை, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, உடனே, நம்பும் ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

11. காய்ச்சலோ பயணமோ வந்து நின்றுபோனால்

இது எல்லோருக்கும் நடக்கும், இங்கேதான் பலர் நிரந்தரமாக நின்றுவிடுகிறார்கள். ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் முழுக்கப் படுக்கையில் இருந்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ கொழுப்பில்லாத திசு (தசையும் இதில் அடங்கும்) குறைந்ததை ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. அதனால் விட்ட இடத்தில் தொடங்க முயலாதீர்கள். நோட்டை எடுத்துக் கடைசி எண்ணிக்கையைப் பாருங்கள், அதில் பாதியில் தொடங்குங்கள். நாற்காலி முதலில், நடை ஒரு வாரம் கழித்து.

படுக்கையில் இருக்கும் நாட்களிலும், டாக்டர் தடுக்காவிட்டால், பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குங்கள். சாப்பாட்டைப் படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் மேசைக்குப் போய்ச் சாப்பிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்பால் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து தருவார்கள். தண்ணீர் டம்ளரையாவது நீங்களே எழுந்துபோய் எடுத்துக்கொள்ள விடும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் அந்த இடைவெளியை வெற்றாக விடாமல் "காய்ச்சல், 9 நாள்" என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை நின்றுபோகும்போது, போன தடவை எத்தனை வாரத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்தீர்கள் என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு முதல் தடவை 5 வாரம் ஆனது, இரண்டாவது தடவை 3.